போர்முனையிலிருந்து பயிற்சிக் களத்துக்கு: ஒரு துப்பாக்கியும் அதன் உதிரி பாகங்களும்

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘பாயின்ட் டூ டூ’வை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தரையில் குப்புறப் படுத்து, 25 கஜத்துக்கு அப்பால் நட்டிருக்கும் அட்டையைக் குறிபார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு விசையை இழுத்த நாள் அறுபது வயதிலும் மறப்பதில்லை. அந்தப் பயிற்சித் துப்பாக்கிகளின் குடும்பத்தில் மூத்தவற்றுள் ஒன்று ‘.22 நெ.2 மார்க் 4’ என்ற ரகம். பார்த்தால் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயை (.303) போலவே இருக்கும். அதில் வியப்பில்லை. பெரும்பகுதி அதே துப்பாக்கிதான்.

எங்கோ ஒரு போருக்காகச் செய்யப்பட்டு, பிறகு குழல் மாற்றி, பள்ளிக்கும் கல்லூரிக்கும் பயிற்சிக் களத்துக்கும் அனுப்பப்பட்ட பொருள் இது. இப்போது இந்த ரகத்தை யாரும் செய்வதில்லை. சுடும் நிலையில் மிஞ்சியிருப்பவற்றின் ஆயுள், விரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு கிடைப்பதையும் கிடைக்காததையும் பொறுத்திருக்கிறது. அந்தத் துண்டு ஏன் அரிதானது என்று விளங்க வேண்டுமானால், இந்தத் துப்பாக்கி வந்த வழியை முழுவதும் பார்த்துவிட வேண்டும்.

உதிரி பாகம் என்ற எண்ணம்

இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு துப்பாக்கிக்கு உதிரி பாகம் என்ற ஒன்று கிடையாது. ஒவ்வொன்றையும் கொல்லர் தனித்தனியே அரம் போட்டு, தேய்த்து, பொருத்திச் செய்தார். ஒன்றின் விசை இன்னொன்றில் உட்காராது. போர்க்களத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் அதை மறுபடி செய்து தரக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அமெரிக்காவின் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம், பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய துப்பாக்கிகளைக் கொண்டுவந்து வைத்தது. பிரிட்டிஷ் அரசு அதைக் கண்டு விழித்துக்கொண்டது. 1854ல் ஒரு குழுவை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்குள்ள ஆயுத ஆலைகளைப் பார்க்கச் சொன்னது. அங்கே பார்த்த வகை இயந்திரங்களையே வாங்கி, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த தன் ஆயுத ஆலையில் நிறுவியது. 1850களின் இறுதியில் அங்கிருந்து அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் துப்பாக்கிகள் வரத் தொடங்கின. அப்படி வந்த முதல் ரகம் 1853 மாதிரி என்ஃபீல்டு. கொழுப்பு தடவிய தோட்டாவால் 1857 எழுச்சிக்குப் பொறி வைத்த ரகமும் அதுதான்.

இதே ஆலையில் 1895ல் பிறந்தது லீ என்ஃபீல்டு. பெயரின் முன்பாதி, ஜேம்ஸ் பாரிஸ் லீ என்ற மனிதருக்கு உரியது. ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் 1831ல் பிறந்து, சிறுவயதிலேயே கனடாவுக்குப் போய், பிறகு அமெரிக்காவில் குடியேறியவர் அவர். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்டும், அடியில் செருகும் பெட்டி மேகசினும் அவர் யோசனை. குழலின் உட்புற வரிவெட்டு என்ஃபீல்டு ஆலையின் வேலை. 1907ல் வந்த ‘மார்க் 3’ முதல் உலகப் போர் முழுக்கப் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தது. இந்தியச் சிப்பாய்களின் கையிலும் இருந்தது. என்ஃபீல்டு தவிர பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ., லண்டனின் எல்.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்தின் இச்சாப்பூர் என்று பல ஆலைகள் அதைச் செய்தன. ஒரே வரைபடம், ஒரே அளவு என்பது விதி. இந்த விதிதான் பின்னாளில் பயிற்சித் துப்பாக்கிக்குப் பெரிய சொத்தானது.

சிறிய தோட்டா ஏன்?

1899ல் தொடங்கிய போயர் போரில் பிரிட்டிஷ் படை பட்ட அடி, குறிபார்த்துச் சுடத் தெரியாத படை எத்தனை பெரிதாக இருந்தும் பயனில்லை என்று காட்டியது. தென்னாப்பிரிக்காவின் பண்ணைக்காரர்கள் தொலைவிலிருந்து ஒவ்வொருவராகக் குறிவைத்து வீழ்த்தினார்கள். அந்தப் போரில் கொலென்சோ களத்தில் தன் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய பின், சாதாரணத் தொழிலாளியும் குறிசுடப் பழக வேண்டும் என்று விடாமல் பிரசாரம் செய்தார். 1901ல் தொடங்கிய சிறுதோட்டாத் துப்பாக்கிச் சங்க இயக்கத்துக்கு அவர் பெரிய பலமாக நின்றார்.

தொழிலாளிக்கும் மாணவனுக்கும் .303 தோட்டா ஒத்துவராது. அது மைல் கணக்கில் பாயும். அதற்கான களம் நகரத்தில் அமையாது. தோளில் உதைக்கும் உதையில் புதியவன் கண்ணை மூடிக்கொள்வான். விலையும் அதிகம். .22 தோட்டா மலிவானது, உதையில்லாதது. 25 கஜ நீளமும் பின்னால் ஒரு மண்மேடும் இருந்தால் பயிற்சி நடத்திவிடலாம். ஆனால் விளையாட்டுத் துப்பாக்கியில் பழகியவன் போர்த் துப்பாக்கியை எடுத்தால் எடை வேறு, பிடி வேறு, போல்டை இழுக்கும் விதமும் வேறாக இருக்கும். அதனால் போர்த் துப்பாக்கியையே .22 சுடும்படி மாற்றிவிடுவது என்று ராணுவம் முடிவு செய்தது. 1907லேயே இதன் முதல் வடிவம் வந்துவிட்டது. பல திருத்தங்களுக்குப் பிறகு 1921ல் மார்க் 4 ஏற்கப்பட்டது. 1926ல் ராணுவம் தன் துப்பாக்கிகளுக்கெல்லாம் புதிதாக எண்ணிட்டபோது மூலத் துப்பாக்கி ‘நெ.1’ ஆனது; பயிற்சி வடிவம் ‘நெ.2’ ஆனது.

மாற்றம் எப்படி நடந்தது? குழலுக்கு இரண்டு வழி. ஒன்று, .22 அளவில் புதிய குழலைப் பூட்டுவது. மற்றொன்று, பழைய .303 குழலின் உள்ளே துளையை அகலப்படுத்தி, வரிவெட்டுள்ள மெல்லிய .22 குழாயைச் செருகி இறுக்குவது. பர்மிங்ஹாமின் பார்க்கர் நிறுவனம் பேர்வாங்கிய முறை இது. போரில் சுட்டுச் சுட்டு உள்வரி தேய்ந்துபோன குழலுக்கும் இந்த முறையில் மறுவாழ்வு கிடைத்தது. மேகசினிலிருந்து ஸ்பிரிங்கையும் தட்டையும் கழற்றி, வெறும் பெட்டியாக விட்டார்கள். மாணவன் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைத்துச் சுடுவான்; சுட்ட காலிக்கூடு அந்தப் பெட்டிக்குள் விழும். சுட்டு முடித்ததும் கூடுகளை எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய இடத்தில் இந்தச் சிறு ஏற்பாடு பெரிய வசதி.

மிச்சமிருப்பது போல்டின் தலை. எல்லாச் சிக்கலும் இங்கேதான்.

போல்டின் தலை

.303 தோட்டாவின் அடியில் நடுமையத்தில் பற்றுமருந்துக் குப்பி இருக்கும். ஊசி நேராக அதன் நடுவில் அடிக்கும். .22 தோட்டாவில் குப்பி கிடையாது. அடிவிளிம்பின் மடிப்புக்குள்தான் பற்றுமருந்து இருக்கிறது. ஊசி விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். ஆகவே நடுவில் அடித்துக்கொண்டிருந்த போல்டை விளிம்பில் அடிக்கவைக்க வேண்டும். லீ என்ஃபீல்டில் போல்டின் முன்தலை தனியாகத் திருகிக் கழற்றும்படி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, .22க்கென்றே ஒரு தலையைச் செய்து திருகினார்கள். இந்தப் புதிய தலை இரண்டு துண்டாலானது. உள்ளே சிறிய தனி ஊசி இருக்கும்; போல்டுக்குள் இருக்கும் பழைய அடிப்பான் பின்னாலிருந்து அந்த ஊசியைத் தட்டும், ஊசி தோட்டாவின் விளிம்பைத் தட்டும். காலிக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியும் இந்தத் தலையிலேயே இருக்கிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். கட்டை, விசை, விசைக்காப்பு, பட்டைகள், திருகுகள், குறிமுனை, போல்டின் உடல் எல்லாமே போர்த் துப்பாக்கிக்கும் பயிற்சித் துப்பாக்கிக்கும் பொது. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட ரகம் என்பதால் இவற்றுக்குப் பஞ்சமில்லை; பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஆயுத வியாபாரிகளிடம் இன்றும் கிடைக்கின்றன. போல்டின் தலை, அதன் ஊசி, கொக்கி, .22 குழல் ஆகியவை மட்டும் பயிற்சித் துப்பாக்கிக்கே உரியவை. இவை செய்யப்பட்ட எண்ணிக்கை மிகக் குறைவு. தேய்ந்ததோ மிக அதிகம்.

தேய்மானத்துக்குக் காரணம் பயிற்சியேதான். மாணவர்கள் தோட்டா இல்லாமலே விசையை இழுத்து இழுத்துப் பழகுவார்கள். .303ல் ஊசி வெற்றிடத்தில் பாய்ந்து நின்றுவிடும், பெரிய கேடில்லை. .22ல் தோட்டா இல்லாதபோது ஊசி, குழல் வாயின் விளிம்பில் போய் இடிக்கக்கூடும். நாள் செல்லச் செல்ல ஊசியின் முனை மழுங்கும், இல்லையென்றால் ஒடியும். குழல் வாயில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த வாயில் தோட்டா சரியாக உட்காராது, காலிக்கூடு ஒட்டிக்கொண்டு வெளிவராது. சிப்பாய் கையிலிருந்த துப்பாக்கியைவிட மாணவன் கையிலிருந்தது வேகமாகத் தேய்ந்தது இப்படித்தான்.

இரும்பில் எழுதிய வரலாறு

கட்டை துப்பாக்கியின் உடலோடு சேரும் இடத்தில், வலப்பக்கம் ஓர் இரும்பு வளையம் இருக்கும். துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேலே கிரீடம், ஆலையின் பெயர், பிறந்த ஆண்டு, ரகத்தின் பெயர் என்று வரிசையாக இருக்கும். .22 ஆக மாறிய விவரம் பின்னால் வந்த கையால் சேர்க்கப்பட்டிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு இச்சாப்பூரில் செய்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. போல்டின் கைப்பிடிக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். அது உடலில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தவை என்று பொருள்.

கட்டையும் ஊர் சொல்லும். இங்கிலாந்து ஆலைகள் வால்நட் மரத்தைப் பயன்படுத்தின. 1912ல் திறந்த லித்கோ, பின்னாளில் உள்ளூர் மரங்களுக்கு மாறியது. முதலில் குயின்ஸ்லாந்து மேப்பிள், பிறகு கோச்வுட். இவை வால்நட்டைவிட மென்மையானவை. துப்பாக்கியின் உடல் பின்னோக்கி உதைக்கும் இடத்தில் மரம் நசுங்கிவிடும் என்பதால், அங்கே செப்புத் தகடு பதித்தார்கள். ஆகவே கட்டையை மாற்ற நினைப்பவர் ‘லீ என்ஃபீல்டு கட்டை’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் போதாது. எந்த ஆலை, எந்தக் காலம் என்று பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் கட்டையில் உதை தாங்கும் இரண்டு முகங்களும் உடலோடு சீராகப் படிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அங்கே தாள் கனத்துக்கு இடைவெளி இருந்தாலும் குறி தவறும்.

இச்சாப்பூரின் கதை நமக்கு நெருக்கமானது. ஹூக்ளி நதிக்கரையில் முன்பு வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கி ஆலை எழுந்தது. பிரிட்டன் வேறு ரகத்துக்கு மாறிய பிறகும் இங்கே பழைய மார்க் 3 தொடர்ந்தது. 1948ல் சட்டம் இயற்றி என்.சி.சி. தொடங்கப்பட்டபோது, நாடெங்கும் மாணவர்களுக்குப் பயிற்சித் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. நெ.2 மார்க் 4 அப்படித்தான் நம் கல்லூரி ஆயுத அறைகளுக்கு வந்து சேர்ந்தது. பிறகு புதிய ரகங்கள் வந்தன. இது மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

பழைய பாகம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அது எங்கிருந்து கழற்றப்பட்டது என்று தெரிய வேண்டும். அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட துப்பாக்கிகள் உண்டு. சுடவே கூடாது என்பதால் அவற்றில் ஆங்கிலத்தில் ‘டி.பி.’ என்று பொறித்து, வண்ணப் பட்டையும் அடித்திருப்பார்கள். ஊசியின் முனை வெட்டப்பட்டிருக்கும், குழலில் துளை போடப்பட்டிருக்கும். ராணுவம் தகுதியில்லை என்று கழித்த இரும்புதான் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது. கழற்றி விற்கப்பட்ட பாகங்களோடு இவையும் கலந்துவிட்டன. கட்டையும் தோல்வாரும் என்றால் பரவாயில்லை. போல்டிலோ உடலிலோ அந்த இரண்டெழுத்து இருந்தால் அது சுடும் துப்பாக்கிக்குள் போகவே கூடாது.

போல்டின் தலை அரிதாகக் கிடைத்தாலும், வாங்கித் திருகிவிட முடியாது. திருகு இறுகும் இடத்தில் தலை சரியான கோணத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் உடலின் வலப்பக்கத் தண்டவாளத்தில் அது கவ்வி ஓடும். மரை தேய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சுழன்றுபோகும். பிறகு, தலையின் முகத்துக்கும் குழல் வாய்க்கும் இடையில் தோட்டாவின் விளிம்பு மட்டும் அடங்கும் இடைவெளி வேண்டும். அந்த விளிம்பின் கனம் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 43 பங்குதான். இடைவெளி கூடினால் ஊசி அடித்தும் வெடிக்காமல் போகும்; வெடித்தால் விளிம்பு பிளந்து, சுடுகிறவரின் முகத்துக்கருகே வாயு பீய்ச்சும். அளவுக்கருவி வைத்துப் பார்க்காமல், தேர்ந்த ஆயுதத் தொழிலாளி கைபடாமல், மாற்றிய போல்டில் ஒரு தோட்டாவும் வைக்கக் கூடாது. ஊசியை நல்ல லேத்காரர் புதிதாகக் கடைந்துவிடலாம், ஸ்பிரிங்கைச் சுற்றிவிடலாம். தலையைச் செய்வது அப்படியல்ல. கடினமேற்றிய எஃகு, பழைய மரையளவு, சரியான கோணம் மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும்.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் உடற்பகுதியைத்தான் துப்பாக்கியாகக் கருதுகிறது. போல்டும் கட்டையும் பெரும்பாலும் சாதாரணச் சரக்குதான். பிரிட்டனில் குழல், உடல், போல்டு போல வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பாகம் எதுவானாலும் சான்றிதழ் வேண்டும். திருகுக்கும் கட்டைக்கும் வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே அதன் பாகங்களையும் அடக்கியிருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு போல்டைக்கூட வாங்கவோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவோ முடியாது. இந்தக் கண்டிப்பு தேவையானதுதான். ஆனால் அதனாலேயே, நம்மிடம் இருக்கும் பழைய பாகத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. தொலைந்தால் திரும்ப வாங்குவது எளிதல்ல.

ஆலை மூடினாலும் பொருள் பிழைக்கும்

என்ஃபீல்டு ஆலை 1988ல் மூடப்பட்டது. இன்று அங்கே வீடுகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயர் சென்னையில் உயிரோடு இருக்கிறது. ரெட்டிட்ச் ஊரிலிருந்து என்ஃபீல்டு ஆயுத ஆலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த சைக்கிள் நிறுவனம்தான் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டது. துப்பாக்கியைப் போலச் செய்தது என்பதையே தன் விளம்பரமாக்கியது. 1955ல் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் அந்த நிறுவனம் 1970ஐ ஒட்டி முடிந்துபோனது. சென்னையின் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. அதனால்தான் பழைய புல்லட்டுக்குப் புதுப்பேட்டையில் இன்றும் சாமான் கிடைக்கிறது.

பயிற்சித் துப்பாக்கிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை, வாய்க்கவும் தேவையில்லை. ஆயுதத்தை மோட்டார் சைக்கிளைப் போலப் பெருக்க வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பல தலைமுறை மாணவர்களுக்கு நிதானத்தையும் கட்டுப்பாட்டையும் கற்றுக்கொடுத்த ஒரு பொருள், ஊசி ஒடிந்தது என்பதற்காக எடைக்குப் போவது நியாயமில்லை. அது நம் கல்வி நிலையங்களின் வரலாற்றிலும் ஒரு பகுதி.

ஆகவே பழைய ஆயுத அறைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும், துப்பாக்கிச் சங்கங்களுக்கும், அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிக்க வேண்டிய துப்பாக்கி என்று பட்டியலில் எழுதுமுன், வளையத்தில் உள்ள பொறிப்பையும் போல்டின் எண்ணையும் படித்துக் குறித்து வையுங்கள். ஒன்றின் போல்டை இன்னொன்றில் மாற்றிப் போடாதீர்கள். .22 போல்டின் தலையும் ஊசியும் நல்ல நிலையில் இருந்தால், சட்டப்படி அனுமதி பெற்ற இடத்தில் தனியே பதிவு செய்து பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். சுடவே முடியாது என்று ஆனவற்றில் ஒன்றையாவது முறைப்படி செயலிழக்கச் செய்து, அதன் வரலாற்றை எழுதி, மாணவர்கள் பார்க்கும் இடத்தில் வையுங்கள். உருக்கிவிட்ட போல்டின் தலையை மறுபடி செய்துதர இன்று எந்த ஆலையும் இல்லை.